பிராசசரைக் கடைசியில் வாங்குங்கள்

டிவிக்குப் பக்கத்தில் வைக்க ஒரு சின்னக் கணினி வேண்டும், படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும்தான் என்று சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். கொட்டேஷன் எழுதும் வரிசை கடைக்குக் கடை மாறாது. முதல் வரி பிராசசர். அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. பிறகு மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி. கையிலிருக்கும் பணத்தில் பெரும்பகுதி கரைந்த பிறகு, தாளின் அடியில் கேபினட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் வந்து உட்காரும். கூலருக்கு வரியே கிடையாது; பிராசசர் பெட்டிக்குள் வருவதையே மாட்டிக்கொள்ளலாம் என்பார்கள். இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. விஷயம் தெரிந்த நண்பர்கள் எழுதித் தரும் பட்டியலும் இப்படித்தான் இருக்கிறது. கணினி பற்றிப் பேசும் காணொளிகளும் இதே வரிசையில்தான் யோசிக்கின்றன.

வீட்டுத் திரையரங்கில் வைக்கும் கணினிக்கு இந்த வரிசை முற்றிலும் தவறு. கேபினட், எஸ்எம்பிஎஸ், கூலர் மூன்றையும் முதலில் முடிவு செய்ய வேண்டும். பிராசசர் கடைசியில்தான் வர வேண்டும். கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையே இல்லை. இதைச் சொன்னால் உடனே வரும் எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். அவற்றில் சில நியாயமானவை, ஆகவே ஒவ்வொன்றாகவே பார்க்கலாம்.

முதல் வாதம் 4கே. படம் பெரிது, ஃபைல் பெரிது, அதை ஓட்டப் பலமான இயந்திரம் வேண்டும் என்கிறார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தை ஓட்டுவது பிராசசரின் பொதுவான பலம் அல்ல. சுருக்கி வைத்த காட்சியை விரிப்பதற்கென்றே சில்லுக்குள் தனியாக ஒரு சிறு பிரிவு செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு ஒரு சுருக்க வடிவம் தெரியும் அல்லது தெரியாது. பாதி தெரியும் என்ற நிலை இல்லை. தெரிந்தால் சில வாட் மின்சாரத்தில் 4கே படம் தடங்கலின்றி ஓடும். தெரியாவிட்டால் அந்தச் சுமை முழுவதும் பிராசசரின் கோர்கள் மேல் விழும், சூடு ஏறும், ஃபேன் அலறும். கோர் எத்தனை, கிகாஹெர்ட்ஸ் எவ்வளவு என்ற கணக்கெல்லாம் அந்த நிலையில்தான் பேச்சுக்கு வரும். அந்த நிலைக்கே போகாமல் வாங்குவதுதான் தேர்வு.

10 பிட் ஹெச்இவிசி வடிவத்தை விரிக்கும் பிரிவு இன்டெலின் 7ஆம் தலைமுறையிலேயே வந்துவிட்டது. யூடியூப் அதிகம் பயன்படுத்தத் தொடங்கியிருக்கும் ஏவி1 வடிவத்துக்கான பிரிவு 11ஆம் தலைமுறையில் வந்தது. 2023இல் வெளியான இன்டெல் என்100 சில்லுக்கு நான்கே கோர்கள். அதற்குக் குறிக்கப்பட்ட மின்செலவு 6 வாட். ஹெச்இவிசி, விபி9, ஏவி1 மூன்றும் அதற்குத் தெரியும். அதற்கு ஓராண்டு முன்னால், 2022 ஜனவரியில் வெளியான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டைப் பாருங்கள். மின்சாரத்தைப் பல மடங்கு குடிக்கும், விளையாட்டுக்கென்றே விற்ற கார்டு அது. அதில் ஏவி1 பிரிவு இல்லை. ஒரு ஏவி1 காணொளியை ஓட்டுவதில் அந்த 6 வாட் சில்லு முந்துகிறது என்றால், பலம் என்ற சொல்லை இந்த இடத்தில் அளவுகோலாக வைப்பதே பொருந்தவில்லை.

இதைவிட வருத்தமான கதை கீழ்விலைக் கார்டுகளுடையது. கிராபிக்ஸ் கார்டு இருந்தால் படம் தெளிவாகத் தெரியும் என்று நம்பி, கையில் காசு குறைவாக இருப்பவர்கள் ஜிடி 710, ஜிடி 730 என்ற பெயர்களில் விற்கப்படும் கார்டுகளை வாங்குகிறார்கள். ஜிடி 710 கார்டில் ஹெச்இவிசி பிரிவு கிடையாது. அதன் ஹெச்டிஎம்ஐ 1.4 பதிப்பு, 4கே டிவியில் நொடிக்கு 30 முறைக்கு மேல் படத்தைப் புதுப்பிக்க அதனால் முடியாது. மதர்போர்டிலேயே இருந்த நல்ல வெளியீட்டை விட்டுவிட்டு, கூடுதலாகப் பணம் கொடுத்துப் பழையதற்குப் போகிறார்கள். வீட்டுக்காக மாதச் சம்பளத்தில் எடுத்து வைத்த பணம் அது. இது யாரும் சட்டத்தை மீறி ஏமாற்றிய கணக்கில் வராது. தவறான வரிசை தானாகவே செய்து முடிக்கும் வேலை.

இன்னொரு வகை இழப்பும் உண்டு. இன்டெல் பிராசசரின் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். 12400எஃப் போன்றவை சற்று மலிவு என்பதால் கொட்டேஷனில் அதுவே ஏறும். அதை வாங்கிய கணத்தில் தனிக் கார்டு கட்டாயமாகிறது. கார்டுக்குப் பெரிய எஸ்எம்பிஎஸ், அதற்குப் பெரிய கேபினட். டிவி ஸ்டாண்டில் வைக்கக் கேட்டவர் கடைசியில் மேசைக்கடியில் வைக்கும் பெட்டியோடு வீட்டுக்குப் போகிறார்.

இப்போது, உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். அது சத்தம்.

படம் பார்க்கும் அறை அமைதியாக இருக்க வேண்டும். வசனம் இல்லாத காட்சியில், பின்னணி இசை நின்ற நொடியில், நமக்கும் டிவிக்கும் நடுவே எழும் ஒரு சின்ன ரீங்காரம் காட்சியையே கெடுத்துவிடும். அலுவலகக் கணினியின் சத்தம் ஏசிக்குள்ளும் தெருவுக்குள்ளும் கரைந்துபோகும். இரவு பத்து மணி வரவேற்பறையில் கரையாது. ஆறாயிரம் எட்டாயிரம் என்று செலவழித்து ஸ்பீக்கர் வாங்கியவர்கூட, பெட்டிக்குள் சுழலும் மலிவான ஃபேனைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

ஃபேன் விஷயத்தில் இயற்பியல் கறாரானது. சுழலும் வேகம் இரட்டித்தால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் கூடுகிறது. விட்டத்தின் கணக்கு இன்னும் கடுமை: ஒரே வடிவமுள்ள இரண்டு ஃபேன்கள் ஒரே வேகத்தில் சுழன்றால், அவை தள்ளும் காற்று விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 120 மி.மீ. ஃபேன் தள்ளும் காற்றில் 27இல் ஒரு பங்கைத்தான் 40 மி.மீ. ஃபேன் தள்ளும். ஈடுகட்ட அது வேகமாகச் சுழல வேண்டும், சுழன்றால் கத்தும். ஆகவே கேபினட்டில் எவ்வளவு பெரிய ஃபேன் பொருந்தும், கூலருக்கு எத்தனை மில்லிமீட்டர் உயரம் கிடைக்கும் என்ற இரண்டு எண்களும் படம் பார்க்கும் அனுபவத்தைத் தீர்மானிக்கின்றன. கூலருக்கு 46 மி.மீ. மட்டுமே இடம் விடும் அஸ்ராக் டெஸ்க்மினி எக்ஸ்300 போன்ற இரண்டு லிட்டர் பெட்டிக்குள் 65 வாட் பிராசசரைப் போட்டுவிட்டு, ஏன் இப்படிக் கத்துகிறது என்று கேட்கக் கூடாது. பிராசசரை முதலில் வாங்கியவருக்கு இந்த எண்கள் கடைசியில் வந்து சேரும் கெட்ட செய்தி. கேபினட்டை முதலில் தேர்ந்தவருக்கு அவையே பிராசசரின் வரம்பைச் சொல்லித் தரும்.

சிறியது என்பதையும் இங்கே கொஞ்சம் கேள்வி கேட்க வேண்டும். பெட்டி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது என்ற மோகம் பரவியிருக்கிறது. மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டின் அளவு 17 செ.மீ.க்கு 17 செ.மீ.; வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்த அளவு அது. அந்தப் போர்டைச் சுற்றி 10 லிட்டர் அளவில் ஒரு தட்டையான பெட்டி கட்டினாலே டிவிக்குக் கீழே அடக்கமாக உட்காரும். ஃப்ராக்டல் டிசைனின் நோட் 202 அந்த அளவுதான். அதை ஒரு லிட்டராகக் குறைப்பதால் வீட்டில் யாருக்கும் கூடுதல் நன்மை இல்லை, சத்தம்தான் கூடும். அளக்க வேண்டியது டிவி ஸ்டாண்டின் தட்டை. அதன் உயரம், அகலம், ஆழம், பின்னால் ஹெச்டிஎம்ஐ கேபிள் வளைந்து திரும்பத் தேவைப்படும் இடம் எல்லாவற்றையும் அளந்துகொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். தட்டுக்குக் கண்ணாடிக் கதவு இருந்தால் அதைத் திறந்து வைத்தோ பின்பலகையில் துளையிட்டோ காற்றுக்கு வழி செய்ய வேண்டும். அடைத்த தட்டுக்குள் எந்தக் கூலரும் வெந்த காற்றையே திரும்பத் திரும்பக் குடிக்கும்.

ஃபேனே இல்லாத பெட்டிகளும் உண்டு. அவற்றைப் பெரிதும் மதிக்கிறேன், ஆனால் நம் ஊர்க் கோடையில் கவனம் தேவை. ஃபேன் இல்லாத பெட்டி, தன் சூட்டுக்கும் அறையின் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம்பியே குளிர்கிறது. ஏசி போடாத சென்னை அறை மே மாதத்தில் 35 டிகிரியைத் தொடும்போது அந்த வேறுபாடு சுருங்கிவிடும். 6 வாட் சில்லுக்கு அது பொருட்டில்லை. 65 வாட் பிராசசருக்கு அது பெரிய நெருக்கடி. மெல்லச் சுழலும் ஒரு பெரிய ஃபேன், கழற்றிக் கழுவக்கூடிய ஒரு தூசி வலை, இந்த இரண்டும் உள்ள பெட்டியே நம் வீடுகளுக்கு ஏற்றது என்பது என் தீர்ப்பு.

அடுத்த வாதம் எஸ்எம்பிஎஸ் பற்றியது. வாட் கூடுதலாக இருந்தால் பாதுகாப்பு, 650 வாட் போட்டுவிடுங்கள் என்கிறார்கள். உள்ளமைந்த கிராபிக்ஸோடு இருக்கும் ஒரு சிக்கனக் கணினி படம் ஓட்டும்போது 20இலிருந்து 40 வாட் வரை எடுத்துக்கொண்டால் அதிகம். 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அது ஏழு சதவீதம்கூட முழுதாக வராது. பெட்டியின் மேல் பொறித்திருக்கும் 80 பிளஸ் முத்திரை எதை உறுதி செய்கிறது என்று பார்க்க வேண்டும். டைட்டானியம் தரத்துக்கு மட்டும் 10 சதவீதச் சுமையில் ஒரு சோதனை உண்டு. மற்ற தரங்களுக்கெல்லாம் சோதனை 20, 50, 100 சதவீதச் சுமைகளில்தான். 650 வாட்டில் 20 சதவீதம் என்பது 130 வாட். நம் கணினி வாழ்நாள் முழுவதும் அந்த எல்லைக்குக் கீழேயே ஓடப்போகிறது. தங்க முத்திரைக்குக் கொடுத்த பணம், சோதிக்கப்படாத ஒரு மூலையில் முடங்கிக் கிடக்கும்.

125 மி.மீ. அகலமும் 63.5 மி.மீ. உயரமும் உள்ள எஸ்எஃப்எக்ஸ் அளவில், சுமை குறைவாக இருக்கும்போது ஃபேனையே நிறுத்திவிடும் எஸ்எம்பிஎஸ்கள் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான், கிராபிக்ஸ் கார்டை விட்டதில் மிஞ்சிய பணம் இதற்குத்தான் போக வேண்டும். என்100 ஏற்கெனவே பற்றவைக்கப்பட்ட அஸ்ராக் என்100டிசி ஐடிஎக்ஸ் போர்டுக்கு அதுகூட வேண்டாம். மடிக்கணினி அடாப்டர் போன்ற 19 வோல்ட் அடாப்டரே போதும்.

மின்கட்டணத்தையும் சேர்த்தே யோசிக்கலாம். டவுன்லோடுக்காகவோ மற்ற அறைகளுக்குப் படம் அனுப்பவோ இந்தக் கணினியை இரவும் பகலும் விட்டுவைக்கும் வீடுகள் உண்டு. வீண் கார்டும் பெரிய பிராசசரும் சேர்ந்து சும்மா இருக்கும்போதே 50 வாட் கூடுதலாக எடுத்தால், இரண்டு மாதத்தில் அது 72 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 100 யூனிட். மீதியை நீங்களே கணக்கிடலாம்.

எஸ்எஸ்டி பற்றிய வாதத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. நொடிக்கு 7000 மெகாபைட் படிக்கும் எஸ்எஸ்டி போட்டால் 4கே படம் தடங்கலின்றி ஓடும் என்று விற்கிறார்கள். 4கே புளூரே தட்டின் உச்ச வேகமே நொடிக்கு 144 மெகாபிட்தான், அதாவது 18 மெகாபைட். சாதாரண 5400 சுற்று ஹார்ட் டிஸ்க் இதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் படிக்கும். இயங்குதளத்துக்கு ஒரு சிறு எஸ்எஸ்டி போதும். படங்களை வேறொரு அறையில் ஹார்ட் டிஸ்க்கில் வைத்து லேன் கேபிள் வழியாகக் கொண்டுவந்தால், சுழலும் தட்டின் சத்தமும் வரவேற்பறையை விட்டுப் போய்விடும்.

எல்லா வாதங்களையும் மறுத்த பின்னும் கடைசியில் ஒன்று நிற்கும்: நாளைக்குத் தேவைப்படும். இப்போதே பெரிதாக வாங்கிவிட்டால் பத்து வருடம் கவலையில்லை. இந்த ஒரு வாக்கியத்தால் கைவிட்டுப் போகும் பணம்தான் மிக அதிகம் என்று நினைக்கிறேன். வீட்டுத் திரையரங்குக் கணினிகள் பலம் போதாமல் ஓய்வு பெற்றதில்லை. ஒரு வடிவத்தின் பிரிவு இல்லாததால், ஒரு போர்ட்டின் பதிப்பு பழையதானதால், ஒரு பாதுகாப்பு வசதி எடுக்கப்பட்டதால் ஓய்வு பெற்றன. 10ஆம் தலைமுறை வரையிலான இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்கள் இயல்பாகத் தந்தது ஹெச்டிஎம்ஐ 1.4 மட்டுமே, மதர்போர்டு தயாரிப்பாளர் தனிச் சில்லு வைத்திருந்தால்தான் 2.0. அன்றைக்கு விலை உயர்ந்த ஐ9 வாங்கியவருக்கும் இதே கதிதான். 4கே புளூரே தட்டுகளைக் கணினியில் முறைப்படி ஓட்ட எஸ்ஜிஎக்ஸ் என்ற வசதி வேண்டும். அதை இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து டெஸ்க்டாப் பிராசசர்களில் நீக்கிவிட்டது. புதியதையும் பெரியதையும் வாங்கியவர்தான் அந்த வசதியை இழந்தார். அடுத்த வடிவமான விவிசி, லூனார் லேக் என்ற 2024ஆம் ஆண்டு மடிக்கணினிச் சில்லில் வந்தாயிற்று. இன்று லட்சங்களில் விற்கும் கிராபிக்ஸ் கார்டை வாங்கிவைப்பது அதற்கான காப்பீடு ஆகாது.

பத்து வருடம் நிலைப்பவை வேறு. நல்ல கேபினட் நிலைக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் நிலைக்கும். நல்ல ஃபேன் நிலைக்கும். மினி ஐடிஎக்ஸ் போர்டின் திருகுத் துளைகள் 2001இல் இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கின்றன. எதிர்காலத்துக்காகச் செலவழிக்க விரும்புபவர், நான்கைந்து வருடத்தில் மாற்றியே ஆக வேண்டிய சில்லில் பணத்தைக் கொட்டாமல், மாற்ற வேண்டியிராத பெட்டியில் போடட்டும்.

எதிர்த் தரப்பில் இரண்டு இடங்களில் நியாயம் இருக்கிறது. புரொஜக்டரும் பெரிய திரையும் வைத்து, மேட்விஆர் என்ற மென்பொருளால் படத்தை மெருகேற்றிப் பார்ப்பவர்களுக்குக் கிராபிக்ஸ் கார்டு உண்மையிலேயே வேண்டும். அவர்கள் கட்டுவது வேறு இயந்திரம், அதற்கு வேறு பெட்டி. இரண்டாவது, ஓடிடி மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தக் கணினியே தேவையில்லை. பிரவுசரில் பல ஓடிடி சேவைகள் 4கே தருவதில்லை. டிவியில் செருகும் ஸ்டிக் அந்த வேலையைச் சிறப்பாகவே செய்கிறது. சொந்தமாகப் படங்களும் இசையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு, யாரோ ஒரு நிறுவனம் உரிமம் முடிந்ததென்று ஒரு நாள் நீக்கிவிடாத தங்கள் சேகரிப்பை நேசிப்பவர்களுக்கு உரியது இந்தக் கணினி. அவர்கள் பணம் வீணாவதுதான் என்னை இவ்வளவு எழுத வைக்கிறது.

படத்தின் தரத்தையே கூட்டும் சில விஷயங்களுக்குப் பணமே தேவையில்லை. சினிமா நொடிக்கு 24 பிரேம். டிவி 60 முறை புதுப்பிக்கிறது. 60ஐ 24 சரியாக வகுக்காது என்பதால் ஒரு பிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படும். கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் அந்த நடுக்கம் கண்ணில் உறுத்தும். பெரிய கார்டு வாங்கினால் இது போய்விடும் என்று நம்புபவர்கள் உண்டு. கோடி என்ற பிளேயர் மென்பொருளின் அமைப்புகளில் புதுப்பிப்பு வேகத்தைப் படத்துக்கேற்ப மாற்றும் ஒரு தேர்வை இயக்கினால், 24 பிரேம் வேகத்தை ஏற்கும் டிவியில் அது போய்விடும். ஒலியும் அப்படியே. ட்ரூஹெச்டி ஒலித்தடத்தைக் கணினி தொடாமல் ஆம்ப்ளிஃபயருக்கே அனுப்பிவிடலாம், சவுண்ட் கார்டு வேண்டாம். கேபிள் கணினியிலிருந்து நேராக ஏவி ரிசீவருக்கும் அங்கிருந்து டிவிக்கும் போக வேண்டும். டிவி வழியாகச் சுற்றி வந்தால், பழைய ஏஆர்சி இணைப்பு ட்ரூஹெச்டியைத் தாங்காது, இஏஆர்சி வேண்டும்.

ரிமோட்டையும் கொட்டேஷனில் யாரும் எழுதுவதில்லை. டிவி ரிமோட்டாலேயே மற்ற பெட்டிகளையும் இயக்கும் சிஇசி வசதி சாதாரண டெஸ்க்டாப் கணினிகளில் இருப்பதில்லை. அதற்கென யுஎஸ்பி அடாப்டர் தனியாக வாங்க வேண்டும், அல்லது ஒரு அகச்சிவப்பு ரிசீவர். படம் போட ஒவ்வொரு முறையும் மகனையோ மகளையோ கூப்பிட்டு மௌஸைத் தேடச் சொல்ல வேண்டியிருந்தால், அந்த வீட்டு அம்மா இரண்டாம் வாரமே கேபிள் டிவிக்குத் திரும்பிவிடுவார். கிராபிக்ஸ் கார்டின் விலையில் சிறு பங்குகூட ஆகாத ஒரு பொருள் இந்தக் கணினி வீட்டில் பயன்படுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆக வரிசை இது. தட்டின் அளவு, அதற்குப் பொருந்தும் கேபினட், அதற்கேற்ற எஸ்எம்பிஎஸ், கிடைக்கும் உயரத்துக்குள் பெரிய கூலர். பிறகு மதர்போர்டின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும்: ஹெச்டிஎம்ஐ 2.0 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா? கடைசியாக, அந்தக் கூலர் தாங்கும் சூட்டுக்குள் ஹெச்இவிசியும் ஏவி1உம் தெரிந்த மிகச் சிறிய பிராசசர். கடைகள் சிபாரிசு செய்யும் ரைசன் 5 5600ஜியில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருந்தாலும் ஏவி1 பிரிவு இல்லை. 2024இல் வந்த 8600ஜியில் இருக்கிறது. பெயர்ப்பலகை எண்ணைப் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே கொட்டேஷன் தாளிலேயே ஹெச்டிஎம்ஐ பதிப்பையும் விரிக்கத் தெரிந்த வடிவங்களையும் எழுதித் தரச் சொல்லி வாங்குபவர்கள் கேட்க வேண்டும். பணம் கட்டுமுன் அந்தப் பெட்டியை ஒரு 4கே டிவியில் இணைத்து, 10 பிட் படம் ஒன்றை முழுத் திரையில் ஓட்டிக் காட்டச் சொல்லவும் வேண்டும். கிரைண்டரை வாங்குமுன் ஓட்டிக் காட்டும் ஊர் இது. கணினிக் கடையில் மட்டும் அந்த உரிமையை ஏன் விட்டுக்கொடுக்கிறோம்?